படத்தின் அளவு

எக்ஸ்றே படத்தை உறையோடு மணலில் கிடத்தி, மண்வெட்டி நுனியால் சுற்றிக் கோடு போட்டார் ஷரிபுதீன்.

படத்தில் கால் எவ்வளவோ, நிசத்திலும் அவ்வளவுதான் என்று மட்டக்களப்பு டாக்குத்தர் சொல்லியிருந்தார். ஆனால் படம் முழங்காலில் தொடங்கிக் கரண்டையில் முடிந்துவிட்டது. வெட்டப்போவது முழங்காலுக்கு மேலே. பாதமும் இருக்கிறது.

மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் கூட்டிக்கொண்டார். பிறகு உட்கார்ந்தபடியே தோண்டினார்.

இறந்தவர்களை அடக்கும் சாய்ந்தமருது மையவாடியில் குழி வெட்டுகிறவர் அவர். கடற்கரை மணல். கை பழகாதவன் வெட்டினால் மையத்து வந்து சேருமுன் சரிந்துவிடும். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில்கூட அவர் வெட்டிய கபுறு ஒன்றும் இடியவில்லை.

கரைவலை இழுக்கப் போகிற ஜவுபர் குறுக்கு வழியால் வந்தவன், குழியைப் பார்த்து நின்றான்.

“என்ன காக்கா, யார்ர புள்ள மவுத்து?”

“புள்ளயில்ல. கால்.”

உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். ஜவுபர் அதை வெயிலுக்கு நேரே பிடித்தான். வெள்ளையாக இரண்டு எலும்பு. பக்கத்தில் சதைக்குள் கைமுட்டி அளவில் ஒரு மங்கல். அதற்குள் உப்பைச் சிதறினாற்போல் புள்ளிகள்.

டாக்குத்தர் காட்டிய மாதிரியே ஷரிபுதீனும் விரல் வைத்துக் காட்டினார். எலும்பில் வந்த கட்டி இல்லை, சதையில் வந்தது. ஆயிரத்தில் ஒருத்தருக்குக்கூட வராத சாதி. நெஞ்சையும் படம் பிடித்துப் பார்த்தார்கள், நெஞ்சு சுத்தம். காலைக் கொடுத்தால் ஆள் மிஞ்சும். வைத்திருந்தால் அது நெஞ்சுக்கு ஏறும்.

“படத்துல முகமில்லயே காக்கா. எலும்பப் பாத்து யாரெண்டு கண்டுபுடிக்கிற?”

“மறுகா சொல்றன்.”

“பஸ்ஸிலயா வரும்? காலுக்கு அரை டிக்கட் எடுக்கணுமே!”

“மடியில வெச்சிக்கிட்டு வந்தா டிக்கட் இல்ல.”

ஜவுபர் சிரித்து முடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“வெட்டுறதுக்கு அந்த மனிசன் சம்மதிச்சிட்டாரா? மறுமையில ஒத்தக் காலோட எழும்பணுமே.”

“எல்லாம் ஒரே இடத்துல கிடந்தா, எழும்பக்குள்ள தேடத் தேவையில்ல.”

ஜவுபர் சுற்றிப் பார்த்தான். குழிக்கு வடக்கே ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் மணல். நாலு மூலைக்கும் கல் நட்டிருந்தது. அதன் கால்மாட்டில்தான் இந்தச் சின்னக் குழி.

“மையத்து அடக்கவே இடமில்ல. ஏன் இவ்வளவையும் சும்மா விட்டிரிக்கீங்க?”

ஷரிபுதீன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

வெறும் மணலில் நகர்ந்து உட்கார்ந்து, சாரனை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். இடது கெண்டைக்காலில் கட்டி புடைத்து, தோல் மினுங்கியது. இரண்டு கையாலும் காலைத் தூக்கிக் குழிக்குள் இறக்கி நீட்டிப் பார்த்தார்.

குதிகாலுக்குக் கீழே நாலு விரல் இடம் இருந்தது. அளவு சரி.

ஜவுபர் படத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பாத்துக்கிட்டு நிக்காம தூக்கி விடுடா. பஸ்ஸுக்கு நேரமாச்சி.”

அவன் தோளைப் பிடித்து எழும்பி நின்று மணலைத் தட்டினார். படத்தை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டு, கல் நட்ட இடத்தைத் தாடையால் காட்டினார்.

“மிச்சம் மறுகா வரும். அவசரமில்ல.”