சாவே இல்லாத கடற்கரை

பிணத்தின் கால்களை மொட்டை பிடித்திருந்தான். கைகள் மச்சினனிடம் இருந்தன. நடுவில், மணலில் பாதி புதைந்து, இரண்டு ஊர்களையும் பிரிக்கும் எல்லைக்கல் நின்றது.

“உன் பக்கம் ஒதுங்கினதை என் பக்கம் ஏன்டா தள்றே?”

“யாரு மாமா தள்ளினது? விடியறதுக்குள்ள கொண்டாந்து போட்டுட்டு, இப்ப வந்து நல்லவராட்டம் பேசுறீங்களா?”

இருவருமே உயிர்காப்பாளர்கள். வடக்குக் கரைக்கு மொட்டை தலைமை. தெற்குக் கரைக்கு அவன் மனைவியின் தம்பி. இரண்டு ஊர் விடுதிகளிலும் அறை வாடகையோடு சேர்த்துப் பிடிக்கிற சுற்றுலா நிதி, சீசன் முழுக்க ஒருவரும் மூழ்கிச் சாகாத கரைக்குத்தான் போகும். அந்தக் கரைக்கு நெடுஞ்சாலை வரை விளம்பரப் பலகை வைப்பார்கள்: ‘சாவே இல்லாத கடற்கரை. குடும்பத்தோடு வாருங்கள்.’

சீசன் முடிய இன்னும் ஆறு நாள். அது கடந்துவிட்டால் மொட்டைக்கும் அவனுடைய எட்டு ஆட்களுக்கும் அடுத்த வருஷச் சம்பளம் உறுதி. இல்லையென்றால் போன வருஷம் மாதிரி எட்டு பேரும் மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்க வேண்டியதுதான். அந்த எட்டில் ஒருவனுக்கு இயந்திரம் மூன்று விரலை எடுத்துக்கொண்டது.

அதனால்தான் இந்தப் பழக்கம். கரை ஒதுங்குகிற பிணத்தை ஆள் நடமாட்டத்துக்கு முன் அடுத்த பக்கம் நகர்த்திவிடுவது. கல்லுக்குப் பக்கத்தில் எவனாவது கிடந்தால், எதிர்க்கரைக்காரன் வேலை என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுவார்கள். இன்றைக்கும் இருவரும் ஒரே நேரத்தில்தான் ஓடி வந்திருந்தார்கள்.

“விட்டுடு மாப்ள. உங்கக்கா முகத்துக்காகச் சொல்றேன். போன வருஷம் பலகையில உன் மூஞ்சியைப் போட்டாங்கல்ல? அதோட திருப்திப்படு.”

“நல்ல மூஞ்சி, போட்டாங்க. உங்க மண்டையைப் போட்டா வண்டி ஓட்டறவனுக்குக் கண்ணு கூசும்.”

மொட்டை கால்களைக் கீழே போட்டான். எட்டி விட்ட குத்தில் மச்சினனின் மேலுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவன் இரத்தத்தைத் துப்பவில்லை. அப்படியே தலையால் மொட்டையின் மூக்கில் மோதினான். எலும்பு நொறுங்கும் சத்தம் மொட்டைக்கே கேட்டது.

இருவரும் பிணத்தின் மேலேயே விழுந்து புரண்டார்கள். பிணம் குப்புறத் திரும்பி, அவர்கள் கனத்தில் மணலுக்குள் அழுந்தியது. அதன் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு மொட்டை மச்சினனின் கழுத்தை நெரித்தான். மச்சினன் அவன் கட்டைவிரலைக் கடித்தான். விடவில்லை. நகம் தனியாக வந்தது.

“கல்யாணத்தன்னிக்கே உங்களைக் கடல்ல தள்ளியிருக்கணும் மாமா!”

“தள்ளியிருந்தா வடக்குப் பக்கம்தான்டா தள்ளியிருப்பே!”

மச்சினன் திமிறி எழப் பார்த்தான், முடியவில்லை. அவன் விசில் கயிறு பிணத்தின் விரல்களுக்குள் மாட்டியிருந்தது. இரண்டு தரம் இழுத்தும் வராததால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுந்தான். அந்த இரண்டு நொடி மொட்டைக்குப் போதும். கல்லோரம் ஏற்றி வைத்திருந்த மீட்புப் படகிலிருந்து துடுப்பை உருவினான்.

முதல் அடி தோளில். இரண்டாவது, தடுத்த முன்கையில். மூன்றாவதற்குத் துடுப்பு உடைந்தது. முன்கையும் முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்தது. மச்சினன் கல்லின் மேல் சரிந்து உட்கார்ந்து, தன் கையையே யாரோ ஒருவருடையது போலப் பார்த்தான்.

மொட்டை பிணத்தின் சட்டைக் காலரைப் பிடித்தான். முகம் மணலை உழுதுகொண்டு வர, கல்லைத் தாண்டி இருபது அடி தெற்கே இழுத்துப் போட்டான். பிறகு தானும் அதன் பக்கத்தில் விழுந்தான். எட்டு குடும்பம் பிழைத்தது என்று நினைத்தபோது, உடைந்த மூக்கையும் மீறி அவனுக்குச் சிரிப்பு வந்தது.

காலை ஓட்டத்துக்கு வந்த விடுதிக்காரர்கள் யாரோ ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா இறங்கி வரும்போதே மொட்டை எழுந்து நின்றுகொண்டான்.

“தெற்குக் கரைன்னு எழுதிக்குங்கம்மா. ராத்திரியே முழுகிச் செத்தவன். இதோ, கல்லுக்கு இந்தப் பக்கம் கிடக்கான் பாருங்க.”

“பொய்!” மச்சினன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான். “அவருதான் இழுத்துட்டு வந்து போட்டாரு. பிணம் வடக்குக் கரையோடது!”

“சும்மா இருங்க ரெண்டு பேரும்.”

அவள் மண்டியிட்டு ஆளை மல்லாக்கத் திருப்பினாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்து நிறைய நேரம் காத்திருந்தாள். பிறகு வாயைத் திறந்து மணலை வழித்து எறிந்தாள். வழிக்க வழிக்க வந்தது. இடுக்கியை விட்டுத் தொண்டைக்குக் கீழேயிருந்தும் எடுத்தாள். அதுவும் மணல்தான்.

“எந்தக் கரைன்னு எழுதப்போறீங்கம்மா?” என்றான் மொட்டை.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு முதல் முறையாக இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க இழுத்துக்கிட்டு இருந்தப்போ இவரு மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்காரு.”