லீட்ஸ் அம்மாளின் புகார்

டீம் லீடர் ராகேஷ் கூப்பிட்டதும் தமயந்தி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குப் போனாள்.

வேலை நிரந்தரமா, வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களா என்பது திங்கட்கிழமை தெரிந்துவிடும். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு அவள் வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது இந்தக் கால் சென்டரிலிருந்து மட்டும்தான்.

இந்த நேரம் பார்த்துத்தானா ஒரு புகார் வர வேண்டும்?

புகார் சொன்னது இங்கிலாந்தில், லீட்ஸ் என்ற ஊரில் இருக்கும் வயதான அம்மாள் ஒருத்தி. தமயந்தி முகவரியைத் தப்பாக அடித்ததில், அந்த அம்மாளின் வாஷிங் மெஷினைப் பழுதுபார்க்க வேண்டிய ஆள் வேறெந்தத் தெருவிலோ போய் நின்றானாம். நேற்று மத்தியானம் அதைச் சொல்லக் கூப்பிட்டபோது, எடுத்ததும் தமயந்திதான்.

ராகேஷ் அந்த அழைப்பின் பதிவைப் போட்டான்.

முதலில் தமயந்தியின் ஆங்கிலம், தேன் ஒழுக. ஒரு நிமிடம் மேடம், இதோ பார்த்துச் சொல்கிறேன்.

பிறகு கீபோர்டு சத்தம். அதன் மேல் இன்னொரு பெண் குரல்.

"மூதேவி! ஒரு அட்ரஸ் ஒழுங்கா அடிக்கத் துப்பில்ல. நீயெல்லாம் இருந்தா என்ன, செத்தா என்ன?"

தமயந்திக்குச் சுருக்கென்றது. எவள் இவள்? பக்கத்து வரிசையில் யாரைப் போட்டு இப்படி நார் நாராகக் கிழிக்கிறாள்? வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லையே, பாவம்.

ராகேஷ் பதிவை நிறுத்தினான். புகார் தமயந்தி மேல் இல்லையாம். அந்தப் பெண் தங்கமானவள், பக்கத்தில் இருந்து அவளை ஒருத்தி வதைக்கிறாள், பாஷை புரியாவிட்டாலும் அந்தத் தொனி எனக்குத் தெரியும், இதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் போய்விட்டது என்றாளாம் லீட்ஸ் அம்மாள்.

மீதியையும் ஓடவிட்டான்.

"குழிக்குள்ள எறங்கி மண்ணு தோண்டினவன் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா? சனியனே!"

தமயந்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா சுரங்கத்தில் இருந்ததை அவள் இந்த ஆபீஸில் ஒருவரிடமும் சொன்னதில்லை. நேற்று அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. மியூட் பட்டனை அழுத்தியதாகத்தான் நினைத்திருந்தாள். அது சரியாக விழவில்லை.

தன் ஆங்கிலக் குரலைப் பயிற்சியில் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். விவேக் நகரில் பஸ் ஏறுவதிலிருந்து படுக்கும் வரை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், சில சமயம் வாயிலும் வந்துவிடும் இந்தக் குரலை, வெளியிலிருந்து இன்றுதான் கேட்கிறாள்.

இவ்வளவு கொடுமையாகவா?

"யாரு அவ? பேரு மட்டும் சொல்லும்மா, பயப்படாதே. இன்னைக்கே தூக்கிடறேன்," என்றான் ராகேஷ்.

சார் என்று யாரையும் கூப்பிடக் கூடாது என்பது அங்கே சட்டம். அது அவளுக்கு மறந்துபோயிற்று.

"தூக்கிடாதீங்க சார். எங்க வீட்டுப் பொண்ணுதான். இதுவரைக்கும் யாரும் அவகிட்ட நல்ல விதமா பேசினதில்ல. நான் பேசிப் பாக்கறேன்."