சமந்தாவின் செபம்

"களவெடுக்கிறதுக்கு உனக்கு என்ட செபந்தானா கிடைச்சிது?"

மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகச் சமந்தா கத்தினாள். மட்டக்களப்பிலிருந்து பனிச்சங்கேணி வரை வெயிலில் வந்த எரிச்சலும் அதில் சேர்ந்திருந்தது. முற்றத்தில் கச்சான் கடலை ஆய்ந்துகொண்டிருந்த மேனுகா எழுந்து நின்றாள்.

"ஆரக்கா நீங்க?"

"ஆரெண்டு தெரியாதா? தினமும் காலையில பேஸ்புக்கில செபம் சொல்ற சமந்தா! எண்ணாயிரம் பேர் பாக்கிற பக்கம். போன மாசம் நான் போட்ட நோயாளிகள் செபத்த ஒரு சொல்லும் மாறாம வாசிச்சுப் போட்டிரிக்காய். அதுக்கு நாப்பதாயிரம் லைக்!"

அந்த நாற்பதாயிரம்தான் நாலு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவிடவில்லை. இத்தனை நாள் கமெராவின் முன்னால் கண்ணை மூடிக் கை கூப்பியவள் அவள், பேர் வாங்குவது யாரோ ஒருத்தியா?

"விடு சமந்தா" என்றான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த கணவன் பிரட்லி. "ஆண்டவருக்காகத்தான் செய்யிறன் எண்டு நீதானே சொல்ற? அப்ப ஆரு வாசிச்சா என்ன?"

"என்னவா? யோசிச்சு யோசிச்சு எழுதினது நான்! இவள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரியும் இல்ல. இப்பயே அழி புள்ள. இல்லாட்டி உன்ட பக்கத்தையே மூடப் பண்ணுவன்!"

மேனுகாவுக்கும் கோபம் வந்துவிட்டது.

"உங்கட வீடியோவ நான் கண்ணாலயும் காணல்ல அக்கா! ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கட அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள, பக்கத்துக் கட்டில் அன்ரி எழுதித் தந்த செபம் அது. இண்டைக்கும் அதக் கேட்டாத்தான் அம்மாக்கு நித்திர வரும். அதப் போய் அழிக்கச் சொல்றீங்க!"

"அந்த அன்ரிட பேர் என்ன?"

"கேட்டன். பேர் எதுக்கு மகள், மேல இருந்து கேக்கிறவருக்குத் தெரியும் எண்டா. எழுதின தாள் இரிக்கி, காட்டட்டா?"

சமந்தாவின் சத்தம் சட்டென்று இறங்கியது.

"வேணாம், வேணாம். பொய்க்காரியோட என்ன கத? வாங்க போவம், வெயில் ஏறுது."

"இவ்வளவு தூரம் வந்து ஏசிட்டுச் சும்மா போறதா?" என்றான் பிரட்லி. "நீங்க காட்டுங்க தங்கச்சி."

மேனுகா உள்ளே போய், நாலாக மடித்த கொப்பித் தாளொன்றைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். அவன் அதை விரித்துப் பார்த்தான்.

"சமந்தா... இது எங்கட அம்மாட கையெழுத்து."

மாமியார் டோறா கைப்பட எழுதிய, அவர் இறந்த நாளிலிருந்து பிரட்லி வீடெல்லாம் தேடும் செபக் கொப்பி, சமந்தாவின் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் கிடந்தது. நாளைக் காலை வீடியோவுக்கென்று அதில் ஒரு பக்கத்தை அவள் மடித்தும் வைத்திருந்தாள்.