பை உட்கார்ந்திருக்கும் நாற்காலி

நூலகச் சன்னல் வழியே சாயங்கால வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கடைசி வருட மாணவி ஒருத்தி, 'நகரமும் மக்களும்' என்ற தன் ஆய்வேட்டுத் தலைப்பைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிடுகிறாள். "இது கடல்மா, ஒரு வாளி அள்ளிட்டு வா" என்று பேராசிரியர் திருப்பி அனுப்பியிருக்கிறார். பேனாவைக் கடித்தபடி நிமிர்கிறாள். எதிர் நாற்காலியில் ஒரு குடை உட்கார்ந்திருக்கிறது. அதற்கடுத்ததில் மூக்குக்கண்ணாடிக் கூடு, அப்பால் ஒரு கைக்குட்டை. இடம் தேடி வருகிறவர்கள் அவற்றைத் தொடாமல், பெரிய மனிதர்களைக் கண்டதுபோல ஒதுங்கிப் போகிறார்கள். தோழிக்காகப் பக்கத்து நாற்காலியில் தானே போட்டுவைத்த பையைப் பார்க்கிறாள். முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவுகிறது. 'நூலகத்தில் இடம் பிடித்தல்' என்று எழுதி அடிக்கோடு போடுகிறாள். அதற்குள் தோழி வந்து நிற்கிறாள். "பையை எடுடி, கால் வலிக்குது." "உனக்காகப் போட்டதுதான். இப்ப அது ஆராய்ச்சியில இருக்கு, வேற இடம் பாரு."