வாளாவிரு

"என்னது, அப்டேட்டா? அது எந்த ஊர்த் தமிழ் தம்பி?"

தமிழ் மன்றத் தலைவர் கேட்ட தோரணையில், மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் மேசையில் விழுந்தது.

"பழக்கதோஷம் ஐயா. உங்க லேப்டாப்புக்கு..."

"மடிக்கணினி."

"மடிக்கணினிக்கு ஒன்பது வயசாச்சு. அதுல இருக்கற பழைய சிஸ்டத்துக்கு..."

"இயங்குதளம்."

"அதேதாங்க. அதுக்கு இனிமே அப்... புதுப்பித்தல் வராது. புதுசைப் போட்டா இந்த உடம்பு தாங்காது. இலவசமா, லேசா ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுத் தரேன். இன்னும் நாலு வருஷம் ஓடும்."

"எங்க மன்றத்துல யாராவது ஆங்கிலச் சொல் பேசினா, சொல்லுக்கு ஒரு நிமிஷம் எழுந்து நிக்கணும். தெரியுமோ?"

மெக்கானிக் வந்ததிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தார். நாற்பது வயதுக்காரர். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வேலை பாதி ஓடும்போது திரை ஒரு கேள்வி கேட்டது.

"ஐயா, எந்த மொழியில வேணும்? இங்கிலீஷா, தமிழா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? தமிழ்தான்! ஒரு ஆங்கில எழுத்துகூட என் கண்ணுல படக் கூடாது."

"நிஜமாவாங்க? இதுவரைக்கும் யாருமே தமிழ் கேட்டதில்ல."

"மத்தவங்களும் நானும் ஒண்ணாப்பா?"

ஒன்றல்லதான். மற்றவர்களுக்கு அன்று மாலை ஆறு மணிக்குப் பாராட்டு விழா கிடையாதே! தலைவருக்கு 'தனித்தமிழ்க் காவலர்' என்று பட்டம் கொடுக்கிறார்கள். அதற்கான ஏற்புரை பன்னிரண்டு பக்கம். மூன்று வாரம் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்தக் கணினியில்தான் வைத்திருந்தார். வேறு பிரதி இல்லை.

"எல்லாம் பத்திரமா உள்ளேயே இருக்குங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார்.

மூன்று மணிக்கு ஏற்புரையை அச்செடுக்கத் தலைவர் உட்கார்ந்தார். திரை முழுக்கத் தமிழ். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு எழவும் புரியவில்லை.

'ஏடகம்' என்று ஒன்று இருந்தது. 'துயிற்று' என்று ஒன்று இருந்தது. என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று 'துயிற்று'வை அமுக்கினார். கணினி தூங்கிப்போனது. பத்து விசையைத் தட்டி அதை எழுப்புவதற்குள் மணி மூன்றரை.

ஒருவழியாக ஏற்புரையைக் கண்டுபிடித்து, அதன் மேல் எதையோ அமுக்கித் தொலைத்தார். பெட்டி ஒன்று வந்து நின்றது. உள்ளே இரண்டே பொத்தான்கள். 'களைக', 'வாளாவிரு'.

தலைவருக்கு வியர்த்தது. இரண்டில் எது காப்பாற்றும், எது கழுத்தறுக்கும்?

"என்னங்க, அஞ்சு மணிக்கெல்லாம் கார் வந்துடும். இன்னும் சட்டைகூட மாத்தலையா?" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

தலைவர் போனை எடுத்தார்.

"ஹலோ, மெக்கானிக்! அர்ஜென்ட்! ஸ்பீச் ஃபைல் ஓப்பன் ஆக மாட்டேங்குது. ப்ரின்ட் எடுத்தே ஆகணும்!"

மன்ற விதிப்படி ஏழு நிமிடம் நிற்க வேண்டும். உட்கார்ந்தேதான் பேசினார்.

"பதறாதீங்க ஐயா. திரையில என்ன இருக்கு?"

"என்னமோ 'வாளா இரு'ங்குது. கம்ப்யூட்டருக்குள்ள கத்தி, வாளெல்லாம் எதுக்குப்பா? அது வேண்டாம், நான் இன்னொண்ணை அமுக்கிடறேன். களைக."

"ஐயோ! அதை அமுக்காதீங்க! அமுக்கினா எல்லாம் அழிஞ்சுடும்! கையை எடுங்க, இதோ வரேன்!"

கடையில் பிரித்துப் போட்ட வேலையை அப்படியே விட்டுவிட்டு, பத்தே நிமிடத்தில் மெக்கானிக் மூச்சிரைக்க வந்து நின்றார். 'வாளாவிரு'வை அமுக்கினார். பெட்டி மறைந்தது.

"வாளாவிருன்னா சும்மா இருன்னு அர்த்தம் ஐயா. கேன்சல்."

பன்னிரண்டு பக்கமும் சூடாக அச்சாகி வந்தது. தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, சத்தம் போடாம இதை இங்கிலீஷுக்கு மாத்திடு. மன்றத்து ஆளுங்க காதுக்கு இது போகக் கூடாது, என்ன?"

மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார்.

"எவன்யா இதைத் தமிழ்ல போட்டது? வேலைவெட்டி இல்லாத முட்டாள்! அவனுக்குத் தமிழே தெரியாது. நான் எழுதித் தரேன்!"

"நான்தாங்க ஐயா."

"என்னது?"

"இலவச சிஸ்டம்ங்கறதால யார் வேணாலும் மொழிபெயர்க்கலாம். கடையில வேலை இல்லாத நேரத்துல ரெண்டு வருஷமா உக்காந்து பண்ணினேன்."

தலைவர் ஒரு கணம் திகைத்தார். ஒரே ஒரு கணம்தான்.

"ஆசை இருந்தா மட்டும் போதுமா தம்பி? வாயில நுழையாத சொல்லையெல்லாம் உன் இஷ்டத்துக்கு உண்டாக்கிடறதா? என்னை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணுமா, இல்லையா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"நேர்ல வந்து கேக்க பயமா இருந்துச்சுங்க. அதான் நீங்க வெளியிட்ட கலைச்சொல் கையேட்டை வாங்கி, ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் பச்சைக் குழந்தைக்கும் புரியும்னு முன்னுரையில நீங்களே எழுதியிருந்தீங்களே ஐயா!"