பூட்டுக்காரரின் பட்டியல்

"பேரை இப்பச் சொல்ல மாட்டேங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் சொல்ல முடியும்" என்றபடி, வந்தவர் ஒரு காகிதத்தைக் கடை மேசையில் நகர்த்தினார்.

பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை. செத்தது யாரென்று சொல்ல மாட்டாராம், சொத்து மட்டும் இவரைத் தேடி வந்திருக்கிறதாம். மாற்றுச் சாவி கேட்டு வருகிறவனைப் பார்த்ததுமே, அது அவன் வீட்டுச் சாவியா அடுத்தவன் வீட்டுச் சாவியா என்று எடை போட்டுவிடும் மனிதர் அவர். அவர் காதிலேயே பூச்சுற்றப் பார்த்தால் எப்படி?

வந்தவர் பொறுமையாகத்தான் விளக்கினார். கேட்பாரற்றுக் கிடக்கும் சொத்துக்கு வாரிசைத் தேடிப் பிடிப்பது அவர் தொழில். பூட்டுக்காரருக்கு நெருங்கிய ரத்த சொந்தம் ஒருவர் தூரத்து ஊரில் இறந்துவிட்டார். ஒரு வீடு இருக்கிறது. பெயரை முதலிலேயே சொன்னால் ஜனங்கள் நேரே போய்ச் சொத்தை வாங்கிக்கொள்கிறார்கள், அலைந்தவனுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஆகவே கால் பங்கு தருவதாக முதலில் கையெழுத்து, அப்புறம்தான் பெயர்.

கையெழுத்து என்றாலே பூட்டுக்காரருக்கு ஆகாது. கூட்டாளி ஒருவனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்தில்தான் கடைவீதியில் இருந்த பெரிய கடையைக் கோட்டை விட்டார். இப்போது மிஞ்சியிருப்பது இந்தச் சின்னக் கடையும், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடும்தான். அதையும் எழுதி வாங்கிக்கொண்டு போகத்தான் ஆள் வந்திருக்கிறான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"ஊருக்கெல்லாம் புதுப் பூட்டு விக்கறீங்க. உங்க வீட்டுக் கதவுல என்னங்க, மியூசியத்துல வெக்கிற மாதிரி ஒண்ணு தொங்குது?" என்று வந்தவர் சிரித்தார்.

அதற்குள் வீட்டுப் பூட்டை நோட்டம் விடுகிறான். பூட்டுக்காரர் நாற்காலியை நகர்த்திக் கதவை மறைத்து உட்கார்ந்தார்.

"அது நல்லாத்தான் இருக்கு" என்றார். வீட்டில் கலந்து பேச வேண்டும் என்று, ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவைத்தார்.

வந்தவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். ஆளை மடக்க அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் செத்துப்போனவர்களை ஒருவர் விடாமல் எழுதத் தொடங்கினார். வாரிசில்லாமல் யாராவது போயிருந்தால்தானே இவன் சொல்வது நிஜம்?

பெரியப்பா விட்டுப்போனது இருமலும் மூன்று பிள்ளைகளும். அத்தையின் நகைக்காக அவள் மகள்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. தாய்மாமனின் சொத்தை யாரும் தேட வேண்டியதே இல்லை, கடன்காரர்கள் முன்பே தேடி எடுத்துக்கொண்டார்கள். இப்படி எழுதிக்கொண்டே போனதில் எட்டுப் பேர் தேறினார்கள். எட்டுப் பேருக்கும் பிள்ளைகள் உண்டு.

"வேற யாராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

மனைவி வாயெடுத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

வந்தவர் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தார். பூட்டுக்காரர் சீட்டாட்டத்தில் கடைசித் துருப்பை இறக்குகிறவர்போலத் தாளை அவர் முன்னால் போட்டார்.

"எங்க குடும்பத்துல செத்தவங்க இவ்வளவுதான். எல்லாருக்கும் வாரிசு குத்துக்கல்லாட்டம் இருக்கு. நீங்க சொல்ற ஆளு இதுல யாரு?"

வந்தவர் தாளை இரண்டு தடவை படித்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக மறைந்தது. தலையை நிமிர்த்தி, நாற்காலிக்குப் பின்னால் தெரிந்த பழைய பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் சொல்றவர் இதுல இல்லைங்க."

பூட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. குட்டு உடைந்துவிட்டது, இனி இவன் இந்தத் தெருப் பக்கமே தலைகாட்ட மாட்டான். வேறு ஏமாந்த ஆளைப் பார்க்கும்படி நிதானமாகவே சொன்னார்.

வந்தவர் கையெழுத்துக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன உறையை வெளியே எடுத்தார்.

"கையெழுத்து வேணாங்க. தொழில் தெரிஞ்சவர்னு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இறந்தவர் கழுத்துல கயித்துல கோத்து ஒரு சாவி கிடந்துச்சு. அவர் வீட்டுல எந்தப் பூட்டுக்கும் அது சேரலை. இது எந்தப் பூட்டோடதுன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

இதில் என்ன சூழ்ச்சியோ என்றுதான் பூட்டுக்காரர் சாவியை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையால் அறுத்த சாவி, மூன்று பற்கள். நடுப்பல்லின் ஓரத்தில், தொழில் பழகும் கைக்கு அரம் வழுக்கினால் விழும் ஒரு கீறல்.

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டை அழுத்தி மூடிவிட்டு, அந்தச் சாவியை நுழைத்தார்.

கோபித்துக்கொண்டு போன தம்பி எந்த நேரத்தில் திரும்பி வந்தாலும் வாசலில் நிற்கக் கூடாது என்று பதினெட்டு வருடமாக அவர் மாற்றாமலே வைத்திருந்த பூட்டு, ஒரே திருப்பில் திறந்துகொண்டது.