வலது குழலில் எது

மறுபடியும் துப்பாக்கியை மடித்துப் பார்த்தான்.

வலது குழலில் ஈயமுனை. இடது குழலில் கெட்டித் தோட்டா. சரியாகத்தான் இருந்தது. முன் விசை வலதுக்கு, பின் விசை இடதுக்கு. இத்தனை வருஷமாக அப்படித்தான்.

மூடினான்.

ஈயமுனை புலிக்கு. உடம்புக்குள் போனதும் விரிந்து அங்கேயே தங்கிவிடும். கெட்டித் தோட்டா யானைக்கு. விரியாது. மண்டையோட்டையே துளைத்துக்கொண்டு போகும். அதைப் புலிமேல் போட்டால் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்து, பின்னால் நிற்பவனையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இன்றைக்குப் புலி மட்டும் என்றால் வீட்டிலிருக்கும் சின்ன ரைபிளே போதும். ஆனால் அதே மூங்கில் காட்டில் ஓர் ஒற்றை யானையும் நிற்கிறது என்றார்கள். அதற்காகத்தான் இந்த நானூற்றெழுபது ரக யானைத் துப்பாக்கி. கனம் தோளை அறுக்கிறது. இருந்தாலும் இரட்டைக்குழல். எது வந்தாலும் அதற்கானது கையில் இருக்கும்.

அப்படித்தான் கிளம்பும்போது நினைத்தான்.

பாறை ஆளுயரம். அதன்மேல் குந்தியிருந்தான். எதிரே புல்வெளி. புல்வெளிக்கு அப்பால் மூங்கில். மூங்கிலுக்குள் எங்கேயோ தகரம் தட்டிக்கொண்டு காடு கலைக்கிறார்கள். முன்னால் வருவது வெள்ளிங்கிரி. இவன் மனைவியின் தம்பி.

கொழுந்து பறிக்கப் போன இரண்டு பெண்களைத் தின்ற புலி அது. இன்றைக்கு விட்டால் நாளைக்கு மூன்றாவது.

மூங்கில் முறிந்தது. படாரென்று.

யானையா?

வலதிலும் கெட்டியைப் போட்டான். சத்தம் வராமலிருக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு மடித்தான், மூடினான்.

ஒன்றும் வரவில்லை.

சே, புலியாக இருந்தால்? மடித்தான். ஈயமுனையை எடுத்துப் போட்டான். மூடினான். இரண்டு நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை. பைத்தியக்காரன் மாதிரி இது என்ன வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டான். கை கேட்கவில்லை. உள்ளங்கை வியர்த்தது. தோட்டாவும் நனைந்திருக்குமோ? மடித்து இரண்டையும் எடுத்துத் துண்டில் துடைத்தான்.

மரத்து உச்சியில் மந்தி கத்தியது.

இரண்டையும் திணித்து மூடினான்.

அப்புறம்தான் உறைத்தது.

எதை எதில் போட்டான்?

மடித்துப் பார்த்தால் ஆயிற்று. துண்டைத் தேடினான். அது பாறையிலிருந்து சரிந்து கீழே கிடந்தது.

புல்வெளி ஓரத்தில் புலி நின்றது.

இவனைப் பார்க்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக வந்தது. இப்போது துப்பாக்கியை மடித்தால் க்ளிக்கென்று கேட்கும். மிரளும். மிரண்டால் வந்த வழியே திரும்பும். வந்த வழியில் ஆட்கள்.

முன் விசையில் விரலை வைத்தான். ஈயமாகத்தான் இருக்கும். பழகிய கை தப்பாது.

அப்போது மூங்கிலை விலக்கிக்கொண்டு வெள்ளிங்கிரி வெளியே வந்தான்.

காட்டின் ஓரம்வரைதான் வரவேண்டும், புல்லில் கால் வைக்கக்கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். வந்துவிட்டான். ஒரு கையில் தகரம், ஒரு கையில் கம்பு. புலிக்கு நேர் பின்னால். வெள்ளைச் சட்டை.

குழல், புலி, சட்டை. மூன்றும் ஒரே கோட்டில்.

பழகிய கை தப்பாதா? தப்பினால்?

விரலை எடுத்தான்.

வெள்ளிங்கிரி கத்தினான்.

"மாமா, சுடுங்க மாமா."

அந்தச் சத்தத்துக்குப் புலி முன்னால் பாய்ந்தது. நேராகப் பாறையை நோக்கி. வெள்ளிங்கிரி திரும்பத் திரும்பக் கத்தினான். இவன் சுடவில்லை. ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நகராதே, நகராதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பாதித் தூரத்தில் புலி அவனைப் பார்த்துவிட்டது.

நிற்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு வந்தது.

இன்னும் பின்னால் சட்டை தெரிந்தது. புலி கிட்டே வர வரக் குழல் தாழ்ந்தது. சட்டை, அதற்கு அப்புறம் முழங்கால், அதற்கு அப்புறம் வெறும் புல்.

முன்னங்கால்கள் பாறையில் விழுந்தன. நகம் கல்லைக் கீறியது.

இப்போது புலிக்குப் பின்னால் மண் மட்டும்.

இரண்டு விசையையும் சேர்த்து இழுத்தான்.

மல்லாக்க விழுந்து கிடந்தான். வலது தோள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். இருந்தது. தூக்க முடியவில்லை. கீழே புலி அசையவில்லை.

வெள்ளிங்கிரி தூரத்திலிருந்து ஒரு கல்லை எறிந்தான். இன்னொன்று. அப்புறம்தான் கிட்டே வந்தான். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இடது கையாலேயே துப்பாக்கியை மடித்தான். வெற்றுக் கூடுகள் இரண்டு வந்தன. ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன மாமா, நான் அந்தக் கத்து கத்துறேன், கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க. பயந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் வெள்ளிங்கிரியின் சட்டையைப் பார்த்தான். நெஞ்சில், வயிற்றில், விலாவில். வியர்வை மட்டும்தான்.

"ஆமாடா," என்றான். "ரொம்பப் பயந்துட்டேன்."

"இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

"சொல்லு," என்றான். குரல் உடைந்தது. "நீயே போய்ச் சொல்லு."